இருநூறு நிமிடங்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகள் பதினோராம் வகுப்பை முடித்திருக்கிறாள். எட்டு ஆண்டுகளாகக் கூடைப்பந்து ஆடுகிறாள். பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்ட் இடத்தில் ஆடுகிறாள், உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இங்கே கல்லூரிகளின் விளையாட்டு அணிகள் மூன்று டிவிஷன்களாகப் பிரிந்திருக்கின்றன; பெரிய அணிகள் ஆடும் முதல் டிவிஷன் கல்லூரிகள் எதுவும் அழைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு சிறிய மூன்றாம் டிவிஷன் கல்லூரியின் பயிற்சியாளர் மட்டும் வாரந்தோறும் பேசுகிறார். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. "இதற்காகவா இத்தனை வருடம் பயிற்சிக்கு வண்டி ஓட்டினோம்?" என்கிறார் கணவர். அவளைக் கூடுதலாக ஓராண்டு பள்ளியில் படிக்கவைத்து மறுபடி முயன்று பார்க்கலாமா? உயரம்தான் தடையா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

"வாரந்தோறும் பேசுகிறார்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 11 ஆண்டுகளுக்கு முன் ஒஹாயோவில் எங்கள் வீட்டிலும் ஞாயிறு மாலைகளில் என் மகனுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

உயரத்தை விடுங்கள். 2023இல் உங்கள் மாநிலத்தின் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழக ஆண்கள் அணி, ஏழடி நான்கு அங்குல சாக் ஈடி ஆடிய பர்டியூ பல்கலைக்கழக அணியை 63–58 என்று வீழ்த்தியபோது அதன் கார்ட் டெமெட்ரே ராபர்ட்ஸின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். அவர் அதற்கு முந்தைய ஆண்டுவரை இரண்டாம் டிவிஷனில் ஆடியவர். கூடுதல் ஆண்டும் வேண்டாம். ஒரு முறை கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் வெளியே உட்கார வேண்டியதில்லை என்று 2021இலும், எத்தனை முறை மாறினாலும் இல்லை என்று 2024இலும் விதி தளர்ந்த பிறகு, முதல் டிவிஷன் பயிற்சியாளர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகளைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, வேறு கல்லூரியில் மூன்றாண்டு ஆடித் தேறியவர்களை எடுக்கிறார்கள். உங்கள் மகள் ஓராண்டு காத்திருந்தால் அவளுக்கு ஒரு வயது கூடும், வரிசை குறையாது.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அது எனக்குக் கோபத்தையே உண்டாக்கியது. எட்டு ஆண்டுகள் ஒரு குழந்தை விடிகாலையில் எழுந்து தான் விரும்பியதைச் செய்திருக்கிறாள். அதை வட்டியோடு திரும்ப வரவேண்டிய வைப்புத்தொகையாக அவர் எப்போது மாற்றினார்? மூன்றாம் டிவிஷன் என்பது விளையாட்டுக்குப் பணம் தருவதில்லை என்ற விதியின் பெயரே தவிர, தரத்தின் பெயர் அல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. அங்கேதான் ஆடுகிறது, சிகாகோ பல்கலைக்கழகமும் அங்கேதான். நியூயார்க் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் அந்த டிவிஷனின் கோப்பையை வென்றது. முதல் டிவிஷனில் இருக்கும் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும்கூட விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. அங்கிருந்து அழைப்பு வந்திருந்தால் உங்கள் கணவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா? மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி இந்தச் சிறிய கல்லூரிகளிலும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே தோராயமாக எவ்வளவு கிடைக்கும் என்று சேர்க்கை அலுவலகத்திடம் கேட்டுச் சொல்லும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நானும் கேட்கவில்லை.

கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக ஓர் அணி பங்கிட்டுக் கொடுக்க இருப்பது 200 நிமிடங்கள். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதை எட்டு அல்லது ஒன்பது பேருக்குள் பிரித்துவிடுவார்கள். என் மகன் சேர்ந்த சிறு கல்லூரியின் அணியில் 24 பேர் இருந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 11 பேர் புதிதாக வந்திருந்தார்கள். அவனுடைய இடத்துக்கே ஏழு பேர். அந்தப் பதினோரு வீட்டுக்கும் ஞாயிறுதோறும் அழைப்பு போயிருக்கிறது என்பதை நவம்பரில்தான் அறிந்தேன். மாணவர் கட்டணத்தை நம்பி நடக்கும் சிறிய தனியார் கல்லூரிகள் பலவற்றில் பயிற்சியாளரின் வேலையில் ஒரு பாதி அணி சேர்ப்பது, மறு பாதி வகுப்பறை நாற்காலிகளை நிரப்புவது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் கட்டணம் கட்டும் மாணவர். அந்தப் பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை. "நீ எங்களுக்கு வேண்டும்" என்றார், உண்மையாகவே வேண்டியிருந்தது. எதற்கு என்று நான்தான் கேட்கவில்லை.

வெளியூர் ஆட்டங்களை இணைய ஒளிபரப்பில் பார்க்கும்போது பெஞ்சில் அவனைத் தேடுவேன். கணுக்கால் சுளுக்கு என்று சொல்லிவந்தான். பேருந்தில் ஏறும் பதினைந்து பேரின் பட்டியலில் அவன் பெயரே இல்லை என்பதை ஏழு வாரங்கள் எங்களிடமிருந்து மறைத்தான். ஏன் மறைத்தான் தெரியுமா? "கோச்சே கூப்பிட்டுப் பேசுகிறார்" என்று மதுரை வரைக்கும் உறவினர்களிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். தோற்றதைவிட என்னிடம் சொல்வது அவனுக்குக் கடினமாக இருந்திருக்கிறது. இப்போது உங்கள் மகள் வீட்டில் "இதற்காகவா" என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளை அங்கே ஒன்று சரியில்லை என்றால் அவள் உங்களிடம் சொல்வாள் என்றா நினைக்கிறீர்கள்?

ஆகவே பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது பணத்தைப் பற்றி மட்டும் அல்ல. இப்போது அணியில் எத்தனை பாயின்ட் கார்டுகள், அவர்கள் எந்தெந்த ஆண்டில் படிக்கிறார்கள், இந்த ஆண்டு அதே இடத்துக்கு எத்தனை பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறார், மூன்றாண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான விடையைக் கல்லூரியின் இணையதளத்தில் உள்ள பழைய அணிப் பட்டியல்களை ஒப்பிட்டு நீங்களே கண்டுகொள்ளலாம்; அதைச் செய்துவிட்டே அவரிடம் கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் எண்களைத் தயங்காமல் சொல்வார். எண்ணைக் கேட்டால் "குடும்பம் போன்ற அணி" என்று பேச ஆரம்பிப்பவரிடம் மறுபடியும் எண்ணையே கேளுங்கள்.

இந்தக் கேள்விகளை உங்கள் மகளே கேட்க வேண்டும். அங்கே ஓர் இரவு அணியின் பெண்களோடு விடுதியில் தங்கவும், காலைப் பயிற்சியை ஓரமாக இருந்து பார்க்கவும் அவளை விடுங்கள். அதிகம் ஆடாத பெண் யார் என்று பார்த்து அவளிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் நீங்கள் இருவரும் எதுவும் கேட்காதீர்கள். பென்சில்வேனியாவிலிருந்து வீடு வர நேரம் இருக்கிறது, அவளே பேசுவாள்.