15 வயது ஸ்ட்ரைக்கருக்கு நம் கிளப்புகளில் இடம் இருக்கிறதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் முழுநேரமும் கால்பந்தாட்டம்தான் என்று அடம்பிடிக்கிறான். "கிளப்காரன் எல்லாம் வெளிநாட்டு ஆளைத்தானே கூட்டிட்டு வர்றான், நம்ம பிள்ளைக்கு எங்கே இடம்?" என்று அவன் அப்பா கேட்கிறார். நடுவில் நீங்கள் தூக்கம் இல்லாமல் தவிக்கிறீர்கள். அப்பாவின் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முழுப் பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

2014-இல் கிளப் கால்பந்து லீக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது ஓர் அணியின் 11 பேரில் 6 பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். 2017-18 சீசனில் அது 5 ஆனது. 2021-22 முதல் 4-தான். அதாவது, எவ்வளவு பணம் இருக்கும் கிளப்பானாலும் இப்போது 7 இந்தியர்களைக் களத்தில் இறக்கியே ஆக வேண்டும். தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் உள்ளூர்ப் பையன்களுக்கு ஒவ்வோர் அணியிலும் 2 இடங்கள் கூடியிருக்கின்றன. இது நல்ல செய்தி.

ஆனால் அந்த 4 வெளிநாட்டவர் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்பதுதான் உங்கள் மகனுக்கு முக்கியம். காசு கொடுத்து ஆள் எடுக்கும்போது கிளப்புகள் பெரும்பாலும் மைதானத்தின் நடுப்பகுதி நெடுக உள்ள இடங்களுக்கே எடுக்கின்றன: நடுவில் நின்று தடுக்கும் ஒரு சென்டர் பேக், ஆட்டத்தை நடத்தும் மிட்ஃபீல்டர், கோல் போடும் ஸ்ட்ரைக்கர். 2014 முதல் 2024-25 வரை நடந்த 11 சீசன்களில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட்டை ஓர் இந்தியர்கூட வாங்கவில்லை. சென்னையின் எஃப்.சி. கோப்பை வென்ற 2015-இல் வாங்கியவர் அதே அணியின் கொலம்பியர் மென்டோசா. இதன் விளைவை இந்திய அணியில் கண்ணால் பார்த்தோம். 2024-இல் ஓய்வு பெற்ற ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியை, 40 வயதில், 2025-இல் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கிளப்புகளில் கோல் அடிக்கும் வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருந்தால் நாட்டுக்கு ஸ்ட்ரைக்கர் எங்கிருந்து வருவான்? எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஆனால் உங்கள் மகனின் அடுத்த மூன்று வருடங்களை என் வருத்தத்தை வைத்துத் திட்டமிட முடியாது.

தம்பி ஸ்ட்ரைக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பயிற்சியாளரிடம் பேசி, விங்கிலும் (முன்வரிசை ஓரம்) ஃபுல் பேக்கிலும் (தடுப்பு வரிசை ஓரம்) அவனை ஆடவைக்கச் சொல்லுங்கள். ஓரங்களும் கோல்கீப்பர் இடமும்தான் நம் பையன்களுக்கு அதிகம் திறந்திருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் முன்னேறித் தாக்கி ஆடுபவர். 2019-20-இல் கோப்பை வென்ற கொல்கத்தா கிளப்பான ஏ.டி.கே. அணியில் அவரை இடது விங் பேக்காக, அதாவது இடது ஓரம் நெடுக ஓடித் தடுக்கவும் தாக்கவும் வேண்டிய இடத்தில், ஆடவைத்தார்கள். இடம் மாறி ஆடத் தெரிந்ததால்தான் அந்த அணியில் அவருக்கு வேலை இருந்தது. ஸ்ட்ரைக்கராகவே வர முடியாதா என்று தம்பி கேட்பான். முடியும். கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்.சி.யின் ரிசர்வ் (இரண்டாம் நிலை) அணியில் ஆடி மேலே வந்து, 2022-23-இல் லீக்கின் சிறந்த வளரும் வீரர் விருதை வாங்கினார். ஆனால் அந்த வழி குறுகலானது, அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

அப்புறம், எந்தப் பயிற்சி அகாடமியில் சேர்ப்பது என்ற கேள்வி. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, ஒரு வீரரை 'கிளப்பில் வளர்ந்தவர்' என்று எப்போது ஏற்கும் தெரியுமா? 15 வயதிலிருந்து 21 வயதுக்குள் மூன்று சீசன்களாவது அந்தக் கிளப்பில் இருந்திருக்க வேண்டும். எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. ஒரு வீரர் உருவாகும் வயது இதுதான் என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள், தம்பி இப்போது அதன் வாசலில் நிற்கிறான். ஆகவே அகாடமி வாசலில் எந்த ஐரோப்பியக் கிளப்பின் சின்னம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். இந்த வயதுப் பையன்களுக்கு வருடத்தில் எத்தனை லீக் ஆட்டங்கள் கிடைக்கின்றன, போன வருடம் 17 வயதைத் தாண்டியவர்கள் இப்போது எங்கே ஆடுகிறார்கள், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் வீரரின் பெயரைப் பதிவு செய்கிறார்களா என்று கேளுங்கள். பதிவில் பிறந்த தேதி சரியாக இருக்கட்டும். யாராவது ஒரு வயது குறைத்துப் போடலாம் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்பெயினில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் விஷயம். வேண்டாம் அம்மா. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவரை வேறு நாட்டுக் கிளப்பில் வீரராகப் பதிவு செய்ய முடியாது. விலக்குகள் சில உண்டு. குடும்பம் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக அங்கே குடிபோவது அதில் ஒன்று. உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது. கட்டணம் கட்டிப் பயிற்சி எடுக்கலாம், ஆனால் அங்குள்ள கிளப்புக்காக அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்க முடியாது. நகையை அடகு வைத்து வாங்கும் பொருள் அல்ல இது.

படிப்பைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம்தான். 2025-இல் லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தத்தில் வந்த சிக்கலால் ஐ.எஸ்.எல். சீசன் உரிய நேரத்தில் தொடங்கவே இல்லை. சில கிளப்புகள் முதல் அணியின் வேலைகளையே நிறுத்திவைத்தன. ஒப்பந்தம் கையில் இருந்த வீரர்களுக்கே அந்த நிலை. ஆனால் பள்ளியும் பந்தும் ஒன்றாகப் போகும் வழிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் தங்கிப் ப்ளஸ் டூ படிக்கலாம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் உண்டு. ரயில்வே, வங்கி போன்ற துறை அணிகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. இதற்கெல்லாம் மாவட்ட, மாநில அளவில் ஆடிய சான்றிதழ்கள் வேண்டும், அசலை ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு முன் விளையாட்டு விடுதித் தேர்வுக்கான அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். தம்பியின் பயிற்சியாளரிடம், இந்தப் பையனுக்கு ஸ்ட்ரைக்கர் தவிர வேறு எந்த இடம் பொருந்தும் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்து எந்த ட்ரையல்ஸுக்கு அனுப்பலாம் என்று அதை வைத்துப் பேசுவோம். அவன் அப்பாவையும் அப்போது கூட வரச் சொல்லுங்கள்.