அணு அமைப்பைப் புரிந்துகொள்ள அந்த வட்டப் படம் உண்மையில் உதவுமா?

ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு அணு அமைப்பு தலையில் ஏறவில்லை, வட்டம் வட்டமாகப் போடுகிற படமே தப்பு என்கிறார்களே, அதைப் போடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானலில் மாலையில் அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். என் பதில்: படம் தப்புதான், ஆனாலும் போடட்டும். எதற்குப் போடுகிறோம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வட்டப் படம் எண்ணிப் பார்க்க. சோடியத்துக்கு 11 எலக்ட்ரான்: உள்ளிருந்து முதல் வட்டமான கே கூட்டில் 2, அடுத்த எல் கூட்டில் 8, அதற்கடுத்த எம் கூட்டில் 1. பக்கத்திலேயே குளோரின்: 2, 8, 7. சோடியத்தின் கடைசிப் புள்ளியை ரப்பரால் அழித்துக் குளோரினில் வைக்கச் சொல்லுங்கள். இப்போது சோடியத்தில் புரோட்டான் 11, எலக்ட்ரான் 10. சோடியத்துக்கு ப்ளஸ் மின்னூட்டம் எங்கிருந்து வந்தது என்று அவளே சொல்லிவிடுவாள்.

அளவை மட்டும் நம்பக் கூடாது. ஹைட்ரஜனின் அணுக்கருவை 1 மில்லிமீட்டர் புள்ளியாக வைத்தால் வட்டத்தின் விட்டம் சுமார் 60 மீட்டர் வரும். எந்த நோட்டில் போடுவது? எலக்ட்ரான் அந்தக் கோட்டின் மேலேயே ஓடுவதும் இல்லை. அதெல்லாம் பதினொன்றாவதில் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் இதைவிட உருப்படியானது ஆற்றல் மட்டப் படம், அதாவது எலக்ட்ரானுக்கு இருக்கக்கூடிய ஆற்றல்களைக் கோடுகளாகப் போடுகிற படம். கிராஃப் தாளில் 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) 1 சென்டிமீட்டர். மேல் விளிம்பில் பூஜ்யம், அதிலிருந்து 13.6 சென்டிமீட்டர் கீழே ஹைட்ரஜனின் முதல் கோடு, 3.4-இல் இரண்டாவது, 1.5-இல் மூன்றாவது. மேலே போகப் போக இடைவெளி சுருங்குவது பளிச்சென்று தெரியும். மூன்றிலிருந்து இரண்டுக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். எலக்ட்ரான் அப்படி இறங்கும்போது வருவதுதான் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1899-இல் இங்கே வந்த சூரிய ஆய்வகத்தில், இதே சிவப்பு ஒளியில் 1912-லிருந்தே சூரியனைப் படம் பிடித்தார்கள். நீல்ஸ் போர் தன் அணு மாதிரியை வைத்து, அந்த ஒளி ஏன் சரியாக அந்த அலைநீளத்தில் வருகிறது என்று விளக்கியது 1913-இல்தான். இதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் அம்புக்குறியை ஸ்கேல் வைத்துப் போடுகிறார்கள்.

அது பிடிபட்டதும் 4-லிருந்து 2-க்கும், 5-லிருந்து 2-க்கும் போடச் சொல்லுங்கள். முதலாவது 486 நானோமீட்டர், நீலப்பச்சை. அடுத்தது 434, ஊதா.