ஆபத்து நீங்கிய பின்னும் நடுக்கம் ஏன்?
தெருநாய் துரத்துவதை நிறுத்திய பிறகும் கை நடுங்குவதும், வீட்டுக்கு வந்து அற்ப விஷயத்துக்கு எரிந்துவிழுவதும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நரம்பும் ஹார்மோனும் வெவ்வேறு வேகத்தில் இயங்குவதே முக்கியக் காரணம். உறுமல் கேட்டதும் மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா, உடலின் உள்ளியக்கங்களை ஆளும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியைத் தூண்ட, அதன் கட்டளையால், ஆபத்தில் உடலை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகள் ஓரிரு நொடிகளில் இதயத்துடிப்பை உயர்த்துவதோடு, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் உட்பகுதியிலிருந்து அட்ரினலின் என்ற ஹார்மோனையும் இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. நரம்புச் செய்தி சட்டென அடங்கிவிட்டாலும், இரத்தத்தில் கலந்த அட்ரினலின் குறையச் சில நிமிடங்கள் ஆகும். நடுக்கம் அதன் மிச்சம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாகத் தூண்டப்படும் கார்ட்டிசால் என்ற மற்றோர் அழுத்த ஹார்மோனோ ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் கழித்தே உச்சத்தைத் தொடும் என்பதால், நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் உடல் ஓட்டத்துக்கான ஆயத்தத்திலிருந்து முழுமையாக இறங்கியிருக்காது. அன்று உங்களிடம் திட்டு வாங்கியவர், பாவம், நாய்க்குரிய பங்கைத்தான் வாங்கியிருக்கிறார்.