மேசை வாளும் காந்த ஃபெதர்போர்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் வீட்டுப் பட்டறைகள் பெருகிவருவது எனக்கு வரும் கேள்விகளிலேயே தெரிகிறது. பசை, பூச்சு, பலகை விலை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது மேசையின் நடுவே வட்டத் தகடு சுழலும் மேசை வாளைப் பற்றிக் கேட்கிறார்கள். இம்முறை வந்தவற்றில் பெரும்பகுதி காந்த ஃபெதர்போர்ட் பற்றியது. பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம்: சீப்புப் பற்களைப் போலச் சாய்வாக நீண்டு, நெகிழ்ந்து கொடுக்கும் விரல்கள் கொண்ட பலகை அது. மரத்தை ஃபென்ஸ் என்கிற வழிச்சட்டத்தோடு சேர்த்து அழுத்தும்; முன்னே போக விடும், பின்னே வர விடாது. காந்த வகையில் மேலே உள்ள குமிழைத் திருப்பினால் அது மேசையைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி திருப்பினால் விட்டுவிடும்.

ஐயா, காந்த ஃபெதர்போர்ட் ஒன்றை வாங்கினேன். என் மேசை வாளில் ஒட்டவே இல்லை. பழுதான பொருளைத் தந்துவிட்டார்களா? (வெள்ளவத்தை வாசகர்)

வீட்டிலுள்ள இரும்பு அலுமாரியில் வைத்துக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒட்டினால் பொருளில் குறையில்லை, உங்கள் வாளின் மேசை அலுமினியம். தூக்கிச் செல்லக்கூடிய வாள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. எடை குறைய வேண்டுமே. காந்தத்துக்கு வார்ப்பிரும்பு அல்லது எஃகு மேசை வேண்டும். நடுமேசை வார்ப்பிரும்பாகவும் பக்க இறக்கைகள் அலுமினியமாகவும் உள்ள வாள்களும் உண்டு. அவற்றில் அகலமான பலகையை வெட்டும்போது ஃபெதர்போர்ட் இறக்கைப் பக்கம் போய்விடும், அங்கே பிடிக்காது.

அலுமினிய மேசையின் மேல் இரும்புத் தகடு ஒட்டிக்கொள்ளலாமா என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். மெல்லிய தகட்டில் காந்தத்தின் முழுப் பலம் இறங்காது. போதாததற்குத் தகட்டின் விளிம்பில் மரம் தட்டி நிற்கும், அதுவும் சரியாக நீங்கள் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசையின் மேல் நீளவாக்கில் ஓடும் மைட்டர் பள்ளத்தில் இறுகி நிற்கும் வகையை வாங்குங்கள். பெரிய வாள்களில் அந்தப் பள்ளம் வழக்கமாக முக்கால் அங்குல அகலம் இருக்கும். சிறியவற்றில் அளவு மாறும், ஆகவே அளந்துகொண்டு போங்கள். பழைய சோனகத் தெருவில் இரண்டாங்கை வாள் பார்க்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போனால் மேசையின் கதை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஃபெதர்போர்டை வாள்தகட்டுக்கு நேராக வைத்தால்தானே வெட்டும் இடத்தில் மரம் ஆடாமல் இருக்கும்? நண்பர் தகட்டுக்கு முன்னால் வை என்கிறார். யார் சொல்வது சரி? (கொட்டாஞ்சேனை வாசகர்)

நண்பர் சொல்வதுதான் சரி. தவறான இடத்தில் வைத்த ஃபெதர்போர்டை விட அது இல்லாமலே இருப்பது நல்லது. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

10 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுழன்றால் அதன் பல்நுனி மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உங்கள் பக்கம் இருக்கும் முன்பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு அழுத்துவதால் தொல்லை தருவதில்லை. பின்பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. மரம் அவற்றில் மாட்டினால் தகடு அதைத் தூக்கித் தன் தலைக்கு மேலாக உங்கள் வயிற்றை நோக்கி எறியும். பலகை உதைக்கிறது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். பின்பற்களில் மரம் மாட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மரம் ஃபென்ஸை விட்டு விலகித் திரும்புவது. மற்றது, வெட்டுவாய் மூடிக்கொண்டு தகட்டை நெருக்குவது. ஃபெதர்போர்ட் முதலாவதைத் தடுப்பதற்காக இருக்கிறது. அதைத் தகட்டுக்கு நேராகவோ தாண்டியோ வைத்தால், ஏற்கெனவே வெட்டுப்பட்ட துண்டைத் தகட்டோடு சேர்த்து நெருக்கி இரண்டாவதை நீங்களே வரவழைக்கிறீர்கள்.

ஆகவே கடைசி விரலின் நுனி, தகட்டின் முன்பற்களுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னதாக நிற்கட்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: தகட்டை உயர்த்தினால் முன்பற்கள் உங்கள் பக்கமாக நகர்ந்து வரும். அதனால் உயரத்தை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகுதான் ஃபெதர்போர்டை வைக்க வேண்டும். உயரத்தை மாற்றினால் அதன் இடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பலகையை ஃபென்ஸோடு அணைத்து வைத்து, விரல்கள் சுமார் 3 மில்லிமீட்டர் வளையும் அளவுக்கு ஃபெதர்போர்டைத் தள்ளிக் காந்தத்தைத் திருப்புங்கள். பலகையை ஒரு கையால் சிரமமின்றித் தள்ள முடிய வேண்டும், பின்னே இழுத்தால் வரக்கூடாது. மூச்சுப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். அந்த வலுவோடு கை வழுக்கினால் அது போகும் திசை தகட்டின் திசை. பாதி வெட்டில் மனம் மாறினால் பலகையைப் பின்னே இழுக்கவும் கூடாது. நிறுத்தியை அழுத்தி, தகடு முற்றாக ஓய்ந்த பிறகு எடுங்கள்.

தகட்டைத் தாண்டிய மரத்தைப் பார்த்துக்கொள்வது, தகட்டுக்குப் பின்னே நிற்கும் ரைவிங் நைஃப் என்ற மெல்லிய உலோகத் துண்டின் வேலை. வெட்டுவாய் மூடாமல் அது நடுவில் நிற்கிறது. இடைஞ்சல் என்று அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு ஃபெதர்போர்ட் வாங்க வருகிறவர்களிடம், முதலில் இழுப்பறையைத் திறக்கச் சொல்கிறேன்.

கடை நானா முப்பது கிலோ தாங்கும் என்றார். வெட்டும்போது பார்த்தால் மெல்ல மெல்ல நகர்ந்து போகிறது. என் மேசை வார்ப்பிரும்புதான். (கிராண்ட்பாஸ் வாசகர்)

நானா பொய் சொல்லவில்லை. அந்த முப்பது கிலோ நேராக மேலே தூக்கிப் பிரிப்பதற்கான கணக்கு. ஃபெதர்போர்டுக்கு விழும் தள்ளு பக்கவாட்டிலானது. அந்தத் தள்ளுக்கு எதிராக நிற்பது காந்தத்துக்கும் மேசைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அது தூக்கும் பலத்தில் ஒரு பங்குதான் வரும். இடையில் மெல்லிய மரத்தூள் படலம் இருந்தாலும் பிடி சட்டென்று இறங்கிவிடும். வைக்கும் முன் மேசையையும் காந்தத்தின் அடிப்புறத்தையும் துணியால் துடையுங்கள். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகளைக் காற்றடித்து அகற்ற முடியாது. ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தால் வந்துவிடும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது. கடற்காற்று, ஈரப்பதம் இரண்டும் சேர்ந்து வார்ப்பிரும்பைச் சில நாட்களிலேயே துருப்பிடிக்க வைக்கும் என்பதால் எல்லோரும் மேசைக்கு மெழுகு பூசுகிறோம். பூச வேண்டியதுதான். ஆனால் மரம் வழுக்கிப் போவதற்காகப் பூசும் மெழுகில் காந்தமும் வழுக்கும். மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் உலர்ந்த துணியால் கை வலிக்கும்வரை தேய்த்து எடுங்கள். சிலிக்கோன் கலந்த தெளிப்பான் வேண்டாம். அது மரத்தில் ஏறிப் பிறகு வார்னிஷ் பிடிக்காமல் பள்ளம் பள்ளமாகச் சுருங்கும். துரு தொடங்கிவிட்ட மேசையில் துருவைத் தேய்த்து அகற்றாமல் காந்தம் வைத்தால், அது இரும்பைப் பிடிப்பதற்குப் பதில் துருவின் மேல் உட்கார்ந்திருக்கும்.

ஃபெதர்போர்ட், ரைவிங் நைஃப் எல்லாம் இருந்தும் பலாப் பலகை வெட்டும்போது பாதியில் இறுகி வாள் திணறுகிறது. (மொறட்டுவை வாசகர்)

மரத்தைப் பாருங்கள். கோணல் பலகையை ஃபெதர்போர்ட் நேராக்காது. அழுத்திப் பிடிக்கும் வரை நேராக இருப்பதுபோல் தெரியும், விரல்களைக் கடந்ததும் பலகை தன் பழைய கோணலுக்குத் திரும்பிவிடும். மேசையில் படியும் முகம் சமமாகவும், ஃபென்ஸைத் தொடும் விளிம்பு நேராகவும் சீவப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பலகையை மேசை வாளுக்குக் கொண்டுவரவே கூடாது.

இரண்டும் சரியாக இருந்தும் இறுகினால், மரத்துக்குள் இருக்கும் இழுவிசை வெட்டும்போது அவிழ்கிறது என்று பொருள். சரியாக உலராத ரப்பர் மரப் பலகையில் இதை அடிக்கடி பார்க்கலாம், பலாவிலும் வரும். அப்படிப்பட்ட பலகையை இறுதி அளவை விடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக, நாடா போன்ற தகடு ஓடும் பேண்ட் சோவில் கிழித்து, சில நாள் விட்டு, மறுபடி சீவி, பிறகு மேசை வாளில் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபென்ஸ் தகட்டுக்கு இணையாக இருக்கிறதா என்றும் ஒருமுறை அளந்து பாருங்கள். பின்முனை தகட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் நல்ல மரமும் இறுகும்.

அரை அங்குலச் சட்டங்கள் நிறைய வெட்ட வேண்டும். ஃபென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் தள்ளுகோல் போக இடமில்லை. (வத்தளை வாசகர்)

ஒல்லியான துண்டை ஃபென்ஸ் பக்கம் வைக்காமல் மறுபக்கம் விழச் செய்யுங்கள். காந்த ஃபெதர்போர்டைத் தகட்டுக்கு முன்னே, மறுபக்கத்தில், விரல்நுனிக்கும் தகட்டின் பல்லுக்கும் பக்கவாட்டில் நீங்கள் வேண்டும் அகலம் இருக்கும்படி பொருத்திவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு ஃபென்ஸை நகர்த்தி, பலகை விரல்களைத் தொட்டதும் பூட்டி வெட்டுங்கள். ஃபெதர்போர்ட் அதே இடத்தில் இருப்பதால் எல்லாச் சட்டமும் ஒரே அகலத்தில் வரும். உங்கள் கையும் தள்ளுகோலும் இருப்பது அகலமான பலகையின் பக்கம். பலகை ஒல்லியாகிக்கொண்டே போகும். கைக்கும் தகட்டுக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி இல்லாமல் போகும் கட்டத்திலிருந்து தள்ளுகோல் மட்டும்தான். கடைசியில் மிஞ்சும் துண்டிலிருந்து இன்னும் ஒரு சட்டம் எடுக்கலாமே என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

குறுக்கு வெட்டுக்கும் ஃபெதர்போர்ட் வைக்கலாமா? கையுறை போடலாமா? (இருவர் கேட்டிருக்கிறார்கள்)

இரண்டுமே கூடாது. குறுக்கு வெட்டில் மரம், மைட்டர் பள்ளத்தில் ஓடும் தள்ளுசட்டமான மைட்டர் கேஜோடு சேர்ந்து போக வேண்டும், பக்கத்திலிருந்து அழுத்தினால் திரும்பும். கையுறையின் நூல் பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்கள். அவரும் என் பட்டறையில் உதவிக்கு நிற்பார். இந்தக் காந்தம் ஆபத்தா? (தெஹிவளை வாசகர்)

அப்பாவின் கையில் அதைக் கொடுக்காதீர்கள். வலுவான காந்தம் மார்புக்கு அருகில் வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே சீரான வேகத்துக்கு மாறக்கூடும். அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவியாக இருந்தால் அந்தச் சிகிச்சையே தற்காலிகமாக நின்றுவிடலாம். கைப்பேசி, கைக்கடிகாரம் போன்றவற்றில் உள்ள காந்தங்களுக்கே 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அறிவுறுத்தியது. ஃபெதர்போர்டின் காந்தம் அவற்றைவிட வலுவானது. அதைப் பொருத்தும்போது நாம் மேசையின் மேல் குனிகிறோம், மார்பு அதன் மேலேயே வந்துவிடுகிறது. குமிழ் அணைந்த நிலையில் இருந்தாலும் அவர் அதைச் சுமந்து செல்ல வேண்டாம். அவருக்குப் பொருந்தும் இடைவெளியை அவருடைய இதய வைத்தியரிடம் கேளுங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை. மரத்திலேயே செய்துகொள்ள முடியாதா? (மட்டக்குளி வாசகர்)

தாராளமாக. என்னைக் கேட்டால் முதல் ஃபெதர்போர்டை எல்லோரும் மரத்தில்தான் செய்ய வேண்டும். 18 மில்லிமீட்டர் தடிப்பும் 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட, முடிச்சில்லாத, நேர்நாரான பலகை போதும். தேக்கு, மகோகனி இரண்டிலும் செய்யலாம். ஹல்மில்ல கிடைத்தால் இன்னும் நல்லது, அது வளைந்து கொடுக்கும் மரம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம், விரல்கள் முறிந்துவிடும்.

ஒரு முனையை 30 பாகைச் சாய்வில் வெட்டுங்கள். அந்த முனையிலிருந்து நாரின் போக்கில் 6 அல்லது 7 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கைவாளால் கீற்றுகள் போடுங்கள். இடையில் மிஞ்சும் விரல் ஒவ்வொன்றும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். மரம் முதலில் சந்திக்கும் விரலை மட்டும் 3 மில்லிமீட்டர் குட்டையாக்கிவிடுங்கள். அந்தக் குட்டை விரல் மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி பொருத்தினால் மற்ற விரல்களின் அழுத்தம் சரியாக அமைந்துவிடும். மேசையில் இறுக்க இரண்டு கிளாம்ப் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் அதையே அச்சாக வைத்துப் பலகை சுழன்றுவிடும்.

கணவர் இரவில் மாடியில் தனியாக மரம் வெட்டுகிறார். தேநீர் கொண்டுபோனால் ‘பின்னால் வராதே’ என்று எரிந்து விழுகிறார். அப்படி என்ன ஆபத்து? (கொட்டாஞ்சேனை வாசகி)

அவர் சொன்ன விதத்தைப் பற்றி நீங்கள் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் அக்கா. சொன்ன விஷயம் சரி. பலகை உதைத்தால் தகட்டின் நேர்கோட்டில் பின்னே பறக்கும். அந்தக் கோட்டில் அவரும் நிற்கக் கூடாது, நீங்களும் நிற்கக் கூடாது. வாள் ஓடும்போது அவரைக் கூப்பிடாமல், அவர் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். அவர் நிறுத்திய பிறகு பேசுங்கள். நிறுத்தி எங்கே இருக்கிறது, எப்படி அழுத்துவது என்று உங்களுக்கும் காட்டித் தரச் சொல்லுங்கள்.

காயம் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 சுவசெரிய ஆம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசச் சேவை. விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸில் நேரடியாகப் படக் கூடாது.

தேநீரைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மேசை வாளின் மேல் வைத்தால் வார்ப்பிரும்பில் கோப்பையின் வட்டம் துருவாக விழும், அதற்கும் அவர் எரிந்து விழுவார்.