மலைத்தோட்டத்துக்கு டிரோன் சரிப்படுமா?

நாகலூர் பக்கமிருந்து ஒரு வாசகர் (பெயர் போட வேண்டாம் என்றிருக்கிறார்): ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் ஆறு ஏக்கர் அரபிகா காபி. வருஷா வருஷம் இலைத்துரு நோய். டிரோன் படம், சாட்டிலைட் படம் வைத்து நோய் எங்கே என்று செல்போனிலேயே காட்டிவிடுகிறோம் என ஒரு கம்பெனி ஆள் பேசிவிட்டுப் போனார். பணம் கட்டலாமா?

அந்த ஆள் திரும்ப வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் டிரோன் சில்வர் ஓக்கைப் பார்க்குமா, காபியைப் பார்க்குமா? மேலிருந்து எடுத்தால் நிழல் மரத்தின் உச்சிதான் படத்தில் விழும். இலவசமாகக் கிடைக்கிற சென்டினல்-2 சாட்டிலைட் படத்தில் ஒரு புள்ளி என்பதே 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதற்குள் எத்தனை செடி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், அதுவும் மழை மாதத்தில் சேர்வராயன் மலைமேல் மேகம் விலகினால்தான். போதாக்குறைக்குத் துருவின் ஆரஞ்சுப் பொடி இருப்பது இலையின் அடிப்பக்கம். கீழே சமவெளியில் திறந்த நெல் வயலுக்கு உதவுகிற சாமான் இது, உங்கள் தோட்டத்துக்கு இல்லை.

செலவு செய்தே தீருவது என்றால் இலை ஈரத்தை அளக்கிற சென்சார் வாங்குங்கள். துருப் பூஞ்சையின் வித்து முளைக்க இலைமேல் பல மணி நேரம் தண்ணீர் நிற்க வேண்டும், 22 டிகிரி வாக்கில் வெப்பம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். முளைத்து உள்ளே போன பிறகு பொடியாக வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதாவது இன்று நீங்கள் பார்க்கிற துரு போன மாதமே உள்ளே நுழைந்தது! துருவுக்கு அடிக்கிற போர்டோ கலவை என்ற மருந்தோ, வித்து முளைக்கும் முன்பே இலையில் இருந்தால்தான் காக்கும். அதனால் உங்களுக்கு முக்கியம் எங்கே என்பதைவிட எப்போது என்பது. சென்சார் எத்தனை மணி நேரம் இலை நனைந்திருந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஓடை ஓரம், நிழல் அடர்ந்த இடம், மேட்டுப் பகுதி என்று மாற்றி மாற்றி வைத்து ஒரு சீசன் குறித்துப் பாருங்கள். எந்தப் பகுதி கடைசியாகக் காய்கிறதோ அங்கே முதலில் நிழல் கிளையைக் கழித்து, முதலில் மருந்தும் அடியுங்கள். தயவுசெய்து சென்சாரைப் பங்களா மொட்டை மாடியில் மாட்டாதீர்கள், செடிக்குள் இருக்க வேண்டும். மலையில் சிக்னல் நம்ப முடியாது, தனக்குள்ளேயே பதிவு வைத்துக்கொள்கிற மாடலாகக் கேளுங்கள்.

போர்டோ கலவைக்குப் பழைய கணக்குதான்: 100 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), அரைக் கிலோ சுண்ணாம்பு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்ற வேண்டாம். தீட்டிய கத்தியை நனைத்துப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அடி இலை நனைய வேண்டுமானால் ஆள்தான் நின்று கீழிருந்து அடிக்க வேண்டும்.

ஆத்தூர் வாசகி: ரெண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) இலை மஞ்சளாகிச் சுருண்டு கிடக்கிறது. டிரோனில் மருந்தடித்தால் போகுமா அண்ணா?

போகாதும்மா. அது தேமல், வைரஸ் நோய், அதற்கு மருந்தே கிடையாது. டிரோனில் அடித்தாலும் கையில் அடித்தாலும் நோயைப் பரப்புகிற வெள்ளை ஈ குறையும், நோய் பிடித்த செடி தேறாது. நோய் முக்கால்வாசி வருவது நாமே நட்ட குச்சியில்தான். உங்கள் செல்போன் போதும்: கேமராவில் இருப்பிடத்தை ஆன் செய்துகொண்டு, நட்ட ஒன்றிரண்டு மாதத்தில் வரிசை வரிசையாக நடந்து, தேமல் செடியைப் படம் எடுத்துவிட்டு அதைப் பிடுங்கிவிடுங்கள். (வாட்ஸப்பில் அனுப்பினால் படத்திலிருந்து இருப்பிடம் போய்விடும், அசலை வைத்துக்கொள்ளுங்கள்.) படங்களின் இருப்பிடத்தை மேப்பில் பார்த்தால் எந்த மூலையில் புள்ளிகள் குவிகின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த நடவுக்குக் குச்சி வெட்டாதீர்கள். தேமலைத் தாங்குகிற ஸ்ரீரக்ஷா மாதிரி ரகங்கள் உண்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நடவுக்கு முன்பே போய் விசாரியுங்கள்.

வாழப்பாடி வாசகர்: துல்லியப் பண்ணையம் என்றால் சொட்டுநீர்தானே?

2004-05ல் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அந்தப் பெயரில் நடந்த திட்டத்தில் சொட்டுநீரும் உரம் கலந்த பாசனமும்தான் பெரிதாகப் பேசப்பட்டன, அதனால் நம் பக்கம் அப்படியே பதிந்துவிட்டது. அதுவும் துல்லியம்தான். எந்த வரிசைக்கு எப்போது என்ன தேவை என்று அளந்து கொடுப்பது எல்லாமே அதில் சேர்த்தி.