கறுப்பு நாயின் படத்தை எப்படி எடிட் செய்வது?

பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த படத்தில் உங்கள் கறுப்பு நாய் வெறும் நிழல்போல் தெரிகிறது என்கிறீர்கள். பின்னால் வானம் பளிச்சென்று இருந்தால் கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ரோமத்தின் விவரமெல்லாம் இருட்டுக்குள் போய்விடும்.

ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் செயலியில் முதலில் ஹைலைட்ஸைக் (பளிச்சென்ற பகுதிகள்) குறைத்து, ஷேடோஸை (இருண்ட பகுதிகள்) மெதுவாக ஏற்றுங்கள். ரொம்ப ஏற்றினால் கறுப்பு சாம்பலாகி, புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். அந்தக் கறுப்புதான் அதன் அழகு, அதை இழந்துவிடாதீர்கள். அப்புறம், தொட்ட இடத்தை மட்டும் மாற்றும் செலக்டிவ் கருவியை ஒவ்வொரு கண்ணிலும் வைத்து வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள்.

ஃபிளாஷில் கண் பச்சையாக மின்னியிருந்தால் கண்ணில் விழும் சிவப்பை நீக்கும் ரெட்-ஐ கருவி பெரும்பாலும் உதவாது. விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் நிறம் அது.

சரி, அடுத்த முறை விடிந்த கொஞ்ச நேரத்தில், கடலுக்கு முதுகு காட்டி, நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். பாதி எடிட்டிங் வேலை குறைந்துவிடும்.