காபிக்குப் போட்ட சுண்ணாம்பு காட்டுப்பூவரசுக்கு ஆகாது

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். 2 வருடம் முன்பு ஊட்டி நர்சரியில் வாங்கிய ரோடோடென்ட்ரான் செடிகளை மதிலோரம் வைத்தேன். கொழுந்து மஞ்சளாகவே வருகிறது, பூ இல்லை. யூரியா கொடுத்தேன், காபிக்குப் போட்டு மிஞ்சிய சுண்ணாம்பையும் தூவினேன். என்ன நோய் இது? சேலத்தில் தங்கச்சி வீட்டுக்கும் ஒரு செடி கேட்கிறாள், கொடுக்கலாமா?

பதில்: நோய் எதுவும் இல்லை. சுண்ணாம்புதான் வினை.

நீங்கள் அனுப்பிய படத்தில் கொழுந்து இலையின் நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவில் மஞ்சள். முற்றிய இலை நன்றாகத்தான் இருக்கிறது. தழைச்சத்துக் குறை என்றால் அடியிலை முதலில் வெளுக்கும். இது இரும்புச்சத்துக் குறை. சேர்வராயன் மலைச் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? இருக்கிற இரும்பை வேர் எடுக்கவிடாமல் சுண்ணாம்பு கட்டிப்போட்டுவிட்டது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலையோரம் தானாக வளர்கிற காட்டுப்பூவரசின் இனம்தான் உங்கள் ரோடோடென்ட்ரான். மண்ணின் அமில கார நிலை (pH) 4.5 முதல் 6 வரை, அதாவது அமிலப் பக்கம், இருந்தால்தான் செழிக்கும்; சுண்ணாம்பு அதைக் காரப் பக்கம் தள்ளிவிடும்.

மதிலோர மண்ணில் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இன்னும் கிடக்கிறது. மதில் கட்டும்போது சிந்திய சிமென்ட் கலவைக்கும் இதே குணம்தான்.

மழை பிடித்ததும் செடியை இடம் மாற்றுங்கள். வேர் ஆழம் போகாது, மயிர்க்கற்றை மாதிரி மேலாகவே பின்னிக் கிடக்கும், மண்கட்டியோடு தூக்கலாம். சில்வர் ஓக் நிழலில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், பாதிக்குப் பாதி இலைமக்கு கலந்து மேடாக்கி நடுங்கள். பழைய மண்மட்டத்துக்கு மேல் தண்டு புதையக்கூடாது. அடியில் கொத்தவே கொத்தாதீர்கள், காய்ந்த சருகைப் பரப்பினால் போதும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். யூரியா, சாம்பல், எலும்புத்தூள் எதுவும் வேண்டாம்.

அதுவரை 1 லிட்டர் தண்ணீரில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். இலை பச்சை கட்டும். ஆனால் மண் மாறாமல் செடி தேறாது.

கவாத்து செய்வதாக இருந்தால் பூ உதிர்ந்தவுடன் செய்துவிடுங்கள். அடுத்த வருட மொட்டு அதன்பின் விடும் கிளைநுனியில்தான் கட்டும். தாமதித்து நறுக்கினால் பூவையே நறுக்கியதாகும். வெட்டிய தழையை ஆட்டுப்பட்டிப் பக்கம் போட்டுவிடாதீர்கள். இலையில் விஷம் உண்டு. தின்ற ஆடு எச்சில் ஒழுக்கி, வாந்தியெடுத்து, தள்ளாடி விழும்.

தங்கச்சிக்கு வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலை இந்தச் செடி தாங்காது. நல்ல செம்பருத்தியாகப் பார்த்துக் கொடுங்கள்.